கோல் கணக்கை வைத்து இளம் ஹாக்கி வீரரை எடைபோடலாமா?

வாசகர் கேள்வி, 11.12.2025

ஜூனியர் உலகக் கோப்பை நேற்றுடன் முடிந்தது. சென்னையில் நம் பையன்கள் 0-2 என்று பின்தங்கியிருந்து, கடைசிப் பதினைந்து நிமிடங்களுக்குள் நான்கு கோல் அடித்து அர்ஜென்டினாவை வீழ்த்தி வெண்கலம் வென்றார்கள். ஓமனுக்கு எதிராக மட்டும் 17 கோல் அடித்திருக்கிறார்கள். கோல் பட்டியலை மேலிருந்து கீழாகப் படித்து, முதல் ஐந்து பேரை அப்படியே சீனியர் முகாமுக்கு அனுப்பினால் என்ன? 'நிலையான ஆட்டம்', 'திறமை' என்று வர்ணனையாளர்கள் சொல்வதெல்லாம் அளக்க முடியாத பேச்சு. கோலை எண்ண முடியும் அல்லவா?

11.12.2025, இரவு

முதலில் ஓமனைக் கழித்துவிடுங்கள். பாகிஸ்தான் விலகியதால் அந்த இடத்துக்கு அழைக்கப்பட்ட அணி அது. பிறகு பட்டியலை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். சிலிக்கு எதிராக 7, ஓமனுக்கு எதிராக 17, சுவிட்சர்லாந்துக்கு எதிராக 5 என்று முதல் மூன்று ஆட்டங்களில் 29 கோல்கள் விழுந்தன. பெல்ஜியத்துக்கு எதிராக 2, ஜெர்மனிக்கு எதிராக 1, அர்ஜென்டினாவுக்கு எதிராக 4 என்று அடுத்த மூன்றில் விழுந்தவை ஏழே ஏழு. அதே பையன்கள், அதே பயிற்சியாளர், ஏறத்தாழ அதே இரண்டு வாரங்கள்தாம். எதிரில் நின்றவர்கள் மட்டுமே மாறினார்கள். ஒரு முன்கள வீரரின் பெயருக்கு எதிரே எட்டு கோல் இருக்கிறது என்றால், அந்த எட்டில் எத்தனை இரண்டாம் பட்டியலைச் சேர்ந்தவை என்று கேட்காமல் அடுத்த வரிக்குப் போகக் கூடாது.

இன்னொன்றும் உண்டு. அர்ஜென்டினாவுக்கு எதிரான அந்த நான்கு கோல்களும் பெரும்பாலும் பெனால்டி கார்னர் (தற்காப்பு அணியின் தவறுக்குத் தரப்படும் வாய்ப்பு) வழியாக வந்தவை. பின்கோட்டிலிருந்து பந்தைத் தள்ளிவிட்டவரும், கோலுக்கு முன்னுள்ள டி வட்டத்தின் விளிம்பில் அதை அசையாமல் நிறுத்தியவரும் உங்கள் பட்டியலில் இல்லவே இல்லை.

12.12.2025

நேற்று எழுதியதற்கு, 'வலுவான அணிகளுக்கு எதிராக அடித்த கோலை மட்டும் எண்ணினால் போதுமே' என்று பதில் வந்திருக்கிறது. போதாது. அதற்கான சான்று 2016 இல் லக்னோவில் இருக்கிறது.

அந்த ஆண்டு நாம் ஜூனியர் உலகக் கோப்பையை வென்றோம். இறுதியாட்டத்தில் பெல்ஜியத்தை 2-1 என்று வீழ்த்தினோம். குர்ஜந்த் சிங்கும் சிம்ரன்ஜீத் சிங்கும் கோல் அடித்தார்கள். அந்த வாரம் பத்திரிகைகளில் யார் பெயர் பெரிதாக வந்தது என்று நினைவுபடுத்திப் பாருங்கள். ஆஸ்திரேலியாவுக்கு எதிரான அரையிறுதி பெனால்டி ஷூட் அவுட் வரை போனது. அதில் கோல் காத்த விகாஸ் தஹியாதான் அன்றைய நாயகன். மாற்று கோல் கீப்பராக பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர் கிரிஷன் பதக். ஆனால் சீனியர் அணியில் கோல் கீப்பர் ஸ்ரீஜேஷுக்குத் துணையாக ஆண்டுக்கணக்கில் நின்று, பிறகு அவர் இடத்துக்கு வந்தவர் பதக்தான். கோப்பையைத் தூக்கிய கேப்டன் ஹர்ஜீத் சிங்குக்கு சீனியர் அணியில் நிலையான இடம் அமையவில்லை. மன்பிரீத் சிங் போன்றவர்கள் நிரப்பியிருந்த நடுக்களத்துக்குள் அவர் நுழைய வேண்டியிருந்தது. அதே அணியில் ஆடிய ஹர்மன்பிரீத் சிங் பின்னர் இந்தியாவின் கேப்டன் ஆனார்.

சிம்ரன்ஜீத்தின் கதை இன்னும் சுவையானது. டோக்கியோ ஒலிம்பிக்குக்குத் தேர்ந்தெடுத்த முதல் 16 பேரில் அவர் இல்லை. கோவிட் காரணமாக விதி தளர்த்தப்பட்டு, மாற்று வீரர்களையும் ஆட்டத்துக்கு ஆட்டம் சேர்த்துக்கொள்ளலாம் என்று ஆன பிறகே அவருக்குக் களம் கிடைத்தது. ஜெர்மனிக்கு எதிரான வெண்கலப் போட்டியில் 1-3 என்று பின்தங்கியிருந்த இந்தியா 5-4 என்று வென்றது. அந்த ஐந்தில் இரண்டு அவர் அடித்தவை. இறுதியாட்டத்தில் கோல் அடித்த ஒரு ஜூனியர், ஐந்து ஆண்டுகள் கழித்தும் தேர்வாளர்களுக்குப் பதினேழாவது, பதினெட்டாவது பெயராகவே இருந்திருக்கிறார். தேர்வாளர்கள் முட்டாள்கள் என்று இதிலிருந்து முடிவுகட்ட வேண்டாம். 16 பேர் மட்டுமே போகும் ஒலிம்பிக்கில் ஒவ்வொருவரும் இரண்டு, மூன்று வேலைகளைச் செய்தாக வேண்டும். கோல் அடிப்பது அவற்றில் ஒன்று.

13.12.2025

ஒருவர் காணொளித் துண்டு ஒன்றை அனுப்பி, 'இந்தப் பையனைப் பாருங்கள், மூன்று பேரைத் தாண்டிப் போகிறான்' என்கிறார். பார்த்தேன், நன்றாகத்தான் இருக்கிறது. தாண்டிப் போன பிறகு பந்து என்ன ஆனது என்பதற்கு முன்பே துண்டு முடிந்துவிடுகிறது. தொகுத்தவர் விவரம் தெரிந்தவர் போலிருக்கிறது.

15.12.2025

'அப்படியானால் நீங்கள் எதை எண்ணுகிறீர்கள்?' என்ற கேள்விக்கு வருகிறேன்.

நான் கோவில்பட்டிக்காரன். லட்சுமி அம்மாள் நினைவு அகில இந்தியப் போட்டியைச் சிறு வயதிலிருந்து பார்த்து வருகிறேன். கல்லூரி அணியில் வலது ஹாஃப் ஆக, அதாவது நடுக்களத்தின் வலப்பக்கத்தில், ஆடியிருக்கிறேன். பெரிதாக ஒன்றும் சாதிக்கவில்லை. எங்கள் ஊரில் பையன்கள் முதலில் மட்டை பிடிப்பது செம்மண் தரையில். அங்கே பந்து எப்போது எந்தப் பக்கம் துள்ளும் என்று சொல்ல முடியாது என்பதால், மட்டையைத் தரையோடு சாய்த்து, முழங்காலை மடக்கி, கடைசிக் கணம் வரை பந்தின் மேல் கண் வைத்திருக்கப் பழகுகிறார்கள். பந்தை நிறுத்தும் கை அதனால் நன்றாக வருகிறது. ஆனால் கண்ணைத் தூக்கிச் சுற்றிப் பார்க்கும் பழக்கம் வராமல் போகிறது. டர்ஃபில், அதாவது செயற்கைப் புல்தரையில், பந்து நேராகவும் வேகமாகவும் வரும். அங்கே முதல் தொடுதலுக்கு முன்பே தலையைத் தூக்கி, அடுத்து யாருக்குக் கொடுப்பது என்று பார்த்திருக்க வேண்டும். செம்மண்ணில் ராஜாவாக இருந்த பையன் டர்ஃபில் முதல் மாதம் திணறுவதற்கும், இரண்டையும் தாண்டி வந்தவன் எந்தத் தரையிலும் நிற்பதற்கும் காரணம் இதுதான்.

எனவே நான் பார்ப்பது முதல் தொடுதலை. பந்து மட்டையில் பட்டதும் எங்கே நிற்கிறது? காலுக்கு அடியிலா, ஒரு முழம் முன்னாலா, வலது கைப் பக்கமா? அடுத்த கணம் பாஸ் கொடுக்கவோ அடிக்கவோ மட்டையைத் தூக்க முடிகிற இடத்தில் பந்து இருந்தால் ஒரு கோடு. இல்லையென்றால் ஒரு புள்ளி. தாளில் நான்கு கட்டங்கள், கால்பகுதிக்கு ஒன்று. எதிராளி இரண்டு மட்டை தூரத்துக்குள் இருக்கும்போது வாங்கிய பந்துகளை மட்டும் குறிப்பேன். சும்மா நிற்கிறவனுக்கு வரும் பந்து கணக்கில் சேராது.

முதல் கட்டம் எல்லோருக்கும் அழகாக இருக்கும். நான்காவது கட்டத்தில்தான் தாள் பேசத் தொடங்கும். களைப்பு ஏறியதும் முழங்கால் மடங்க மறுக்கிறது. மட்டை அரை அடி உயர்கிறது. பந்து மட்டைக்கு அடியில் நழுவுகிறது. மாற்று வீரர்களை எப்போது வேண்டுமானாலும் இறக்கலாம் என்பதால் முன்கள வீரர் தொடர்ந்து களத்தில் இருப்பதே சில நிமிடங்கள்தாம். அதற்குள் முழு வேகத்தில் ஓடித் தீர்த்துவிட்டு வெளியே வர வேண்டும். கடைசிச் சுற்றில் உள்ளே வரும்போதும் முதல் சுற்றில் தொட்டதைப் போலவே தொடுகிறானா என்பது எனக்கு நிலையான ஆட்டத்தின் முதல் அடையாளம்.

இரண்டாவது அடையாளம், பந்தை இழந்த பிறகு அவன் செய்வது. கையை விரித்து நடுவரைப் பார்க்கிறானா, உடனே திரும்பி ஓடுகிறானா? பந்தைத் தொலைத்ததும் நின்று மைதானத்தின் வெளிக்கோட்டைப் பார்க்கிற பையனுக்கு, அதற்கு முன் மூன்று பேரை ஏமாற்றியிருந்தாலும், நான் கோடு போடுவதில்லை.

16.12.2025

நேற்று எழுதியதைத் திரும்பப் படித்தபோது, அந்த அளவுகோல் நடுக்கள வீரர்களுக்கே சாதகமாக இருக்கிறது என்று தோன்றியது. வலது ஹாஃப் ஆக ஆடியவனின் கண் அப்படித்தான் பார்க்கும். கோல் கம்பத்தருகே நின்று, ஒரு நொடியில் பாதி நேரம் மட்டையை நீட்டிப் பந்தின் திசையை மாற்றிவிடுகிற முன்கள வீரர் ஆட்டம் முழுவதும் நல்ல முதல் தொடுதல் ஒன்றுகூடத் தராமல் இருக்கலாம். அவருக்கு வேறு தாள் வேண்டும். பந்து டி வட்டத்துக்குள் வரும் ஒவ்வொரு முறையும் அவர் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தாரா என்பதே அதில் எண்ண வேண்டியது. பந்து வந்து சேராத முறைகளையும் சேர்த்தே எண்ண வேண்டும். பத்து முறை சரியான இடத்துக்கு ஓடி, ஒன்பது முறை பந்து வராமல், பத்தாவது முறை கோல் அடித்தவரை 'ஆளே தெரியவில்லை, திடீரென்று ஒரு கோல்' என்று வர்ணனையில் சொல்கிறார்கள். பத்து முறையும் ஓடியவர் அவர்.

பின்கள வீரருக்கு இதற்கு நேர்மாறான சிக்கல். அவர் செய்கிற டேக்கிள்களை, அதாவது எதிராளியிடமிருந்து பந்தைப் பறிக்கும் முயற்சிகளை, எண்ணுகிறோம். நல்ல இடத்தில் நிற்பவருக்கு டேக்கிள் செய்ய வேண்டிய தேவையே குறைவு. தரையில் விழுந்து விழுந்து காப்பாற்றுகிறவருக்குக் கைதட்டல் கிடைக்கிறது. அவர் ஏன் விழ வேண்டி வந்தது என்று யாரும் கேட்பதில்லை.

18.12.2025

ஹர்மன்பிரீத் சிங்கைப் பற்றி ஒருவர் காட்டமாக எழுதியிருக்கிறார்: '2023 உலகக் கோப்பையில் சொந்த மண்ணில் பெனால்டி கார்னரைக் கோலாக்க முடியவில்லை, 2024 பாரீஸில் 10 கோல். இவரை எப்படி நிலையான வீரர் என்பது?'

கணக்காகவே பார்ப்போம். மூன்று கார்னருக்கு ஒன்றைக் கோலாக்கும் ஒரு டிராக் ஃபிளிக்கரை (கார்னரில் நிறுத்திய பந்தை மட்டையால் இழுத்துக் கோலை நோக்கி வீசுபவரை) எடுத்துக்கொள்ளுங்கள். உலகத் தரத்தில் அது மிக நல்ல விகிதம். ஓர் ஆட்டத்தில் அவருக்கு நான்கு கார்னர் கிடைத்தால், நான்கும் வீணாகும் வாய்ப்பு 81 இல் 16. அதாவது ஐந்து ஆட்டத்துக்கு ஓர் ஆட்டம் அவர் வெறுங்கையோடு திரும்புவார். ஆறு கார்னர் கிடைத்தாலும் ஒன்றுகூட விழாமல் போக ஏறத்தாழ 9 விழுக்காடு வாய்ப்பு உண்டு. திறமையில் அணுவளவும் மாற்றம் இல்லாமலேயே இப்படி நடக்கும். ஒரு தொடரில் ஆறு அல்லது ஏழு ஆட்டங்கள் இருக்கின்றன. அதற்குள் இரண்டு வெறும் நாள்கள் அடுத்தடுத்து வந்தால் 'ஃபார்ம் போய்விட்டது' என்று எழுதிவிடுகிறோம்.

2023 இல் எல்லாமே தற்செயல் என்றும் சொல்ல மாட்டேன். நம் அணி அந்தத் தொடரில் நியூசிலாந்திடம் ஷூட் அவுட்டில் தோற்று, ஒன்பதாம் இடத்தைப் பகிர்ந்துகொண்டது. கார்னர் எடுக்கும் விதத்தில் மாற்று வழிகள் குறைவாக இருந்தன என்றே எனக்குப் பட்டது. நேராக அவரிடமே பந்து போகும் என்று எதிரணிக்குத் தெரிந்திருந்தால், முதல் ரஷர் அவர் மட்டையை நோக்கியே ஓடி வருவார். இது ஒரு தனி வீரரின் குறை ஆகாது. ஆகவே ஃபிளிக்கரை எடைபோடுகிறவர்கள் கோலை விட்டுவிட்டு, பந்து நிறுத்தப்பட்ட பிறகு அவர் அதை இழுத்து விடுவதற்கு எடுக்கும் நேரத்தையும், தரையிலிருந்து பந்து கிளம்பும் உயரத்தையும், முன்காலை ஊன்றும் இடத்தையும் பார்க்க வேண்டும். அவை நாளுக்கு நாள் ஒரே மாதிரி இருந்தால் அவர் நிலையாகத்தான் ஆடுகிறார்.

19.12.2025

ரஷர் பற்றி நேற்று ஒரு வரியில் கடந்துவிட்டேன். பெனால்டி கார்னரைத் தடுக்க, முகமூடி மாட்டிக்கொண்டு நேராகப் பந்தை நோக்கி ஓடுகிறவர் அவர். நம் அணியில் அந்த வேலையை அமித் ரோஹிதாஸ் செய்து வந்தார். பாரீஸ் காலிறுதியில் பிரிட்டனுக்கு எதிராக 17 ஆவது நிமிடத்தில் அவருக்குச் சிவப்பு அட்டை காட்டப்பட்டது. மீதி ஆட்டம் முழுவதும் பத்து பேராக ஆடி, 1-1 என்று நிறுத்தி, ஷூட் அவுட்டில் 4-2 என்று வென்றோம். எல்லோரும் ஸ்ரீஜேஷைப் பேசினார்கள்; பேச வேண்டியதுதான். ஆனால் அந்த ஆட்டத்தை மீண்டும் பார்க்கிறவர்கள் முன்கள வீரர்களின் மேல் மட்டும் கண்ணை வைத்துப் பாருங்கள். பந்து எதிரணியிடம் போகும் ஒவ்வொரு முறையும் அவர்கள் தங்கள் 25 கெஜக் கோடு வரை திரும்பி ஓடுகிறார்கள். அந்த ஓட்டத்துக்கு எந்தப் பட்டியலிலும் இடமில்லை. தடை காரணமாக ரோஹிதாஸ் ஆடாத அரையிறுதியில் ஜெர்மனியிடம் 2-3 என்று தோற்றோம். அவர் இருந்திருந்தால் வென்றிருப்போம் என்று சொல்ல மாட்டேன்; ஆனால் கோல் பட்டியலை மட்டும் படிப்பவருக்கு அவர் இருந்ததும் தெரியாது, இல்லாததும் தெரியாது.

22.12.2025

'தமிழ்நாட்டுப் பையன்களை வேண்டுமென்றே ஓரங்கட்டுகிறார்கள். கார்த்தி செல்வம் எங்கே?' என்ற கேள்வி வரும் என்று எதிர்பார்த்தேன், வந்துவிட்டது.

கார்த்தி அரியலூர்க்காரர், கோவில்பட்டி விளையாட்டு விடுதியில் உருவானவர். 2022 இல் ஜகார்த்தாவில் நடந்த ஆசியக் கோப்பையில் பாகிஸ்தானுக்கு எதிராகத் தன் முதல் ஆட்டத்திலேயே கோல் அடித்தார். எங்கள் ஊர் மாரீஸ்வரன் சக்திவேலும் அந்த அணியில் இருந்தார். மறு ஆண்டு சென்னை மேயர் ராதாகிருஷ்ணன் மைதானத்தில் நடந்த ஆசிய சாம்பியன்ஸ் கோப்பை அரையிறுதியில், ஜப்பானை 5-0 என்று வென்றபோது ஐந்தாவது கோல் கார்த்தியினுடையது. அன்று மைதானம் போட்ட சத்தத்தை நான் மறக்கவில்லை. பாசம் எனக்கும் உண்டு.

ஆனால் பாரீஸுக்குப் போன முன்கள வீரர்கள் மன்தீப், லலித், அபிஷேக், சுக்ஜீத், குர்ஜந்த் ஆகிய ஐவர். மொத்தம் 16 பேர் என்ற கட்டுப்பாட்டில், அந்த ஐவரில் யாரை எடுத்துவிட்டு இவரைச் சேர்ப்பீர்கள் என்று கேட்டால், கோபப்படுகிறவர்கள் பதில் சொல்வதில்லை. ஓரங்கட்டல் என்று சொல்வதற்கு முன், அவருக்குச் சீனியர் அணியில் தொடர்ந்து எத்தனை ஆட்டங்கள் கிடைத்தன என்று பார்க்க வேண்டும். என் மனக்குறை அங்கேதான். நான்கு ஆட்டம் ஆடவிட்டு, பிறகு நீண்ட நாள் பெஞ்சில் வைத்து, மறுபடி இரண்டு ஆட்டம் கொடுத்தால், எந்தப் பையனிடமும் நிலையான ஆட்டத்தை அளக்க முடியாது. அளப்பதற்கே தொடர்ச்சி வேண்டும்.

23.12.2025

பெரியவர் ஒருவர் 'தன்ராஜ் பிள்ளை மாதிரி இன்று யார்?' என்று எழுதியிருக்கிறார். நான்கு ஒலிம்பிக், நான்கு உலகக் கோப்பை ஆடியவருக்கு நிகராக நேற்று அரும்பு மீசை முளைத்தவனை நிறுத்துவது நியாயமில்லை. மேலும் ஆஃப்சைடு விதி இருந்த காலத்திலும் அது நீக்கப்பட்ட காலத்திலும் ஆடியவர் அவர். இன்றைய முன்கள வீரருக்குக் கிடைக்கும் இடமும் நெருக்கடியும் வேறு. இந்தப் பேச்சை இத்தோடு விடுகிறேன்.

27.12.2025

மாவட்டத் தேர்வு ஒன்றில் உதவிக்கு உட்கார்ந்த அனுபவத்தைச் சொல்லும்படி கேட்டிருந்தீர்கள்.

ஒருவரை ஒருவர் அறியாத பையன்களை நிறச்சட்டை போட்டுப் பிரித்து, அரை மணி நேரம் ஆடவிட்டார்கள். அப்படிப்பட்ட ஆட்டத்தில் எவனும் எவனுக்கும் பந்தைக் கொடுக்க மாட்டான். கொடுத்தால் வாங்கியவன்தானே கண்ணில் படுவான்? ஒல்லியான பையன் ஒருவன் மட்டும் வாங்கிய பந்தையெல்லாம் இரண்டே தொடுதலில் அடுத்தவனுக்குக் கொடுத்துவிட்டு, உடனே வெற்றிடம் பார்த்து ஓடினான். அவனுக்கு யாரும் திருப்பிக் கொடுக்கவில்லை. ஆனாலும் கடைசி வரை கொடுப்பதையும் ஓடுவதையும் விடவில்லை. என் தாளில் அவன் பெயருக்குக் கீழே கோடுகள் நிரம்பியிருந்தன. தேர்வானவர்கள் பட்டியலில், பதினைந்து வயதுக்குப் பொருந்தாத தோளும் தாடையும் கொண்ட ஒருவன் முதலில் இருந்தான். வயதுச் சான்றிதழைப் பற்றிக் கேட்டதற்கு, 'அதெல்லாம் பார்த்தாயிற்று' என்றார்கள். ஒல்லிப் பையன் பெயர் பட்டியலில் இல்லை.

பதினைந்து வயதில் உடம்பு முந்தியவன் வேகத்தால் வெல்கிறான். பத்தொன்பதில் மற்றவர்கள் வளர்ந்து அவனை எட்டிப் பிடிக்கும்போது, வேகத்தைத் தவிர வேறு எதையும் கற்காமல் இருந்தது தெரியவருகிறது. இதனால்தான் 15, 16 வயதில் தருகிற தீர்ப்பை நான் பென்சிலில்தான் எழுத வேண்டும் என்பேன். கோல் கீப்பர்களின் விஷயத்தில் பென்சில்கூடச் சீக்கிரம். ஸ்ரீஜேஷ் திருவனந்தபுரம் ஜி.வி. ராஜா விளையாட்டுப் பள்ளிக்குப் போனபோது குண்டு எறிதல், நீளம் தாண்டுதல், வாலிபால் என்று முயன்று பார்த்தவர். பயிற்சியாளர் சொல்லித்தான் கோல் கீப்பர் ஆனார். 2006 இல் முதல் சீனியர் ஆட்டம். முதல் கீப்பராக நிலைபெறச் சில ஆண்டுகள் பிடித்தன. பாரீஸில் இரண்டாவது ஒலிம்பிக் வெண்கலத்தோடு ஓய்வு பெறும்போது வயது 36.

02.01.2026

முதலில் கேட்ட வாசகர் திரும்பி வந்து, 'சரி, இந்த ஜூனியர் அணியில் யாரை அனுப்பலாம் என்று ஒரு வரியில் சொல்லுங்கள்' என்கிறார்.

பெல்ஜியத்துக்கு எதிரான காலிறுதி ஷூட் அவுட்டில் கோல் காத்த பிரின்ஸ்தீப் சிங்கின் பெயரைத்தான் எல்லோரும் எதிர்பார்க்கிறீர்கள். ஷூட் அவுட் என்பது எட்டு நொடி, ஒருவருக்கு ஒருவர். அதில் தேவைப்படும் பொறுமை அவரிடம் இருக்கிறது என்று அன்று தெரிந்தது. அறுபது நிமிட ஆட்டத்தில் தற்காப்பு வீரர்களைக் குரல் கொடுத்து நிறுத்துவதும், கார்னரில் முதல் அடியைத் தடுத்த பிறகு தெறிக்கும் பந்தை டிக்கு வெளியே தள்ளுவதும் வேறு வேலைகள். தஹியாவையும் பதக்கையும் பற்றி மேலே எழுதியது இதற்காகத்தான். அவரைச் சீனியர் முகாமில் சேர்த்து, நாடுகளின் சீனியர் அணிகள் மோதும் புரோ லீக்கில் தோற்கக்கூடிய ஆட்டங்களில் இறக்கிப் பார்ப்பேன்.

முன்கள வீரர்களில் எவர் பெயரையும் இப்போது சொல்ல மாட்டேன். ஹாக்கி இந்தியா லீக்கில் பெல்ஜியம், ஜெர்மனி, ஆஸ்திரேலியா நாடுகளின் பின்கள வீரர்களுக்கு எதிராக இவர்களில் சிலர் ஆட வாய்ப்பு உண்டு. ஜூனியர் தொடரில் கிடைக்காத எதிராளிகள் அவர்கள். அந்த ஆட்டங்களில் இவர்கள் உள்ளே வரும் கடைசிச் சுற்றுகளை மட்டும் பதிவுசெய்து வைத்துக்கொள்ளுங்கள். கோல் அடித்த சுற்றுகளை யாராவது ஒருவர் எப்படியும் வெட்டி அனுப்பிவிடுவார்.

03.01.2026

தாள் எப்படி இருக்கும் என்று மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள். குறுக்கே நான்கு கட்டம், கால்பகுதிக்கு ஒன்று. நெடுக்கே மூன்று வரி: நெருக்கடியில் முதல் தொடுதல், பந்தை இழந்த பின் திரும்பிய ஓட்டம், டி வட்டத்துக்குள் நின்ற இடம். பின்கள வீரருக்கு மூன்றாவது வரியை அடித்துவிட்டு, 'தேவையில்லாமல் விழுந்தது' என்று எழுதிக்கொள்ளுங்கள். ஓர் ஆட்டத்தில் ஒரே ஒரு பையனைத்தான் பார்க்க முடியும். இரண்டு பேரைப் பார்க்க முயன்றால் பந்தைத்தான் பார்ப்பீர்கள்.